மலை விடுதிக்கு எத்தனை ஹெச்பி பம்ப்?

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டியிலோ குன்னூரிலோ விடுதி கட்டுபவர்கள் பம்ப் கேட்கும்போது, "அஞ்சு மாடிங்க, சரிவுல வேற இருக்கு, கொஞ்சம் பெரிசாவே போடுங்க" என்பார்கள். கீழே சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதென்றால் அது நியாயமான பேச்சு. அறைகளைச் சூடாக்க பாய்லரிலிருந்து கிளம்பி, பாய்லருக்கே திரும்பி வரும் வெந்நீருக்கு அது செல்லாது. சமவெளியில் பெரிய ஏசிகளில் சுற்றும் குளிர்நீருக்கும் இதே கதைதான்.

அது மூடிய சுற்று. கிணற்று உருளையில் இரண்டு பக்கமும் நிறைகுடம் தொங்கினால் இழுக்க எவ்வளவு பலம் வேண்டும்? இங்கேயும் ஏறுகிற நீரின் பாரத்தை இறங்குகிற நீர் ஈடுகட்டிவிடுகிறது. குழாய், வளைவு, வால்வு, ரேடியேட்டர் இவற்றின் உராய்வை வென்றால் பம்புக்குப் போதும்.

நொடிக்கு 6 லிட்டர் ஓட வேண்டும், உராய்வு 12 மீட்டர் ஹெட் (அதாவது 12 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம்), பம்பின் திறன் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தேவை 1.2 கிலோவாட்; 2 ஹெச்பி மோட்டார் தாராளம். கட்டடத்தின் 20 மீட்டரையும் கூட்டிச் சொன்னால் 3.1 கிலோவாட் ஆகி, 5 ஹெச்பி வந்து இறங்கும். அப்புறம் குழாய் இரைகிறது என்று டெலிவரி வால்வைப் பாதி மூடி, யாரும் திறந்துவிடாதபடி கைப்பிடியைக் கம்பியால் கட்டிவைப்பார்கள். அந்தக் கம்பியைப் பார்த்தாலே எனக்கு விஷயம் புரிந்துவிடும். உயரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. மேல்மாடிவரை நீர் அழுத்தத்தோடு நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அது நிரப்புகிற பம்பின் பாடு, சுற்றுகிற பம்பின் பாடல்ல.

மலையைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு; தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். கடற்கரையில் காற்று 10.3 மீட்டர் நீரைத் தாங்கும், இங்கே 8 மீட்டரைக்கூடத் தாங்காது. கோயம்புத்தூரில் ஒழுங்காக இழுத்த பம்ப், இங்கே உறிஞ்சும் வாயிலேயே நீர் ஆவிக் குமிழாகி, கடகடவென்று சத்தம் போட்டு, இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழலும் சக்கரத்தை, குழி விழச் செய்வது இதனால்தான். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். மோட்டார்களுக்கும் பொதுவாக 1,000 மீட்டர்வரைதான் பலகையில் போட்ட ஹெச்பி. அதற்கு மேல் காற்று மெலிந்து, மோட்டார் ஆறுவது குறையும். நம் ஊர்க் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், இருந்தாலும் வாங்கும்போதே உயரத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஒரே பெரிய பம்பா, இரண்டு சிறியதா என்று கேட்டால், நான் இரண்டு என்பேன். இரண்டும் சேர்ந்து ஓடினால் இருமடங்கு நீர் வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓட்டம் கூடக் கூட உராய்வு அதன் வர்க்கமாக ஏறும். வேகத்தைக் குறைக்கும் டிரைவ் இருந்தால் இன்னும் நல்லது. மூடிய சுற்றில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாடித் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் இந்த லாபம் கிடைக்காது, அங்கே உயரம் குறைவதில்லையே.

ஏற்கெனவே பெரிய பம்ப் போட்டுவிட்டவர்கள், அதன் இருபுறமும் பிரஷர் கேஜ் மாட்டி, வால்வை இப்போது இருக்கும் நிலையிலேயே விட்டுப் பாருங்கள். கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தம்) வரும் வித்தியாசத்தைப் பத்தால் பெருக்கினால் பம்ப் கொடுக்கும் ஹெட் மீட்டரில் கிடைக்கும். வால்வைத் தாண்டியும் ஒரு கேஜ் இருந்தால், அதில் எவ்வளவு வால்விலேயே வீணாகிறது என்பது தெரிந்துவிடும். அந்த அளவைச் சொன்னால், இம்பெல்லரை எவ்வளவு கடைந்து சிறிதாக்கலாம் என்று பம்ப் கொடுத்தவர்களே சொல்வார்கள். புதுப் பம்ப் வாங்கத் தேவையிருக்காது. வணக்கம்.