450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 115 வாட்ஸ் கார்டைத் தாங்காதா? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இந்த ஸ்டிக்கரைப் படியுங்கள்!

(திரையில்: திறந்த கேபினட். கேமரா எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நெருங்குகிறது.)

450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான இந்த எஸ்எம்பிஎஸ் வெறும் 115 வாட்ஸ் இழுக்கிற ஒரு கிராபிக்ஸ் கார்டைத் தாங்காது. ஏன் என்று கணக்கோடு காட்டுகிறேன். கடலூரிலோ பாண்டியிலோ இருந்து சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளுக்கு பஸ் ஏறப் போகிறவர்கள், முதலில் இதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வணக்கம் நண்பர்களே! கார்டைச் செருகும் ஸ்லாட் விஷயத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். மதர்போர்டில் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் இருந்தால், பழைய 3.0 போர்டிலும் புது 4.0 கார்டு ஓடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு மட்டும் வேண்டாம். அதற்கு டேட்டா போகும் லேன் நான்கே நான்குதான், 3.0 போர்டில் வேகம் நன்றாகவே அடி வாங்கும்.

சரி, ஸ்டிக்கருக்கு வருவோம்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து முக்கியமாக 3.3, 5, 12 என்று மூன்று வோல்டேஜ் வருகிறது. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் அந்தப் பெரிய எண் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது. கடலூர் துறைமுகத்தில் ஐஸோடு கூடையைத் தராசில் வைத்து இருபது கிலோ என்றால் காசு கொடுப்பீர்களா? ஐஸைக் கொட்டிவிட்டு மீனை மட்டும் நிறுக்கச் சொல்வீர்கள். இங்கே 12 வோல்ட்தான் மீன், மற்றதெல்லாம் ஐஸ்!

(திரையில்: 12 × 16 = 192)

இந்த ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்குக் கீழே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்ஸ். பழைய ஐ5 4570 பிராசஸருக்கு 84, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115, மொத்தம் 199. ஃபேன், ஹார்ட் டிஸ்க் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை, அதற்குள் தாண்டிவிட்டது. கேம் லோடு ஆகிற நேரத்தில் பொசுக்கென்று அணையும்.

அதே 450 வாட்ஸ், ஒழுங்கான எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர் இருக்கும். அப்படியானால் 432 வாட்ஸ். வெளியே ஒரே எண், உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். கடைக்காரர் வாட்ஸ் சொன்னால், நீங்கள் ஆம்பியர் கேளுங்கள்.

அப்புறம் ஒயர். ஸ்லாட் வழியாக 75 வாட்ஸ் வரை வரும், 6 பின் ஒயரில் இன்னும் 75, 8 பின்னில் 150. 6 பின் இல்லாதவர்கள் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா ஒயரில் கன்வர்ட்டர் மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தமே 54 வாட்ஸ்தான். கார்டு 75 கேட்டால் கனெக்டர் சூடாகி உருகும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. எஸ்எம்பிஎஸ் மாற்றக் காசில்லை என்றால், 70 வாட்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டில் தனி ஒயர் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒல்லியான ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அதிலேயே அரை உயர மாடலும் உண்டு.

கேபினட்டுக்குள் டேப் வைத்து நீளம் அளந்து பாருங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் பல 30 செ.மீ. தாண்டும். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் புதுக் கார்டில் அந்த ஓட்டையே கிடையாது, கன்வர்ட்டர் தேவை.

தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த நமக்கு இன்னொன்று: யுபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். பெரிய கார்டு போட்டு கேம் ஆடும்போது கரண்ட் போனால், யுபிஎஸ் தாங்காமல் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும். மானிட்டரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இப்போதே கேபினட்டைத் திறந்து, உங்கள் 12 வோல்ட் ஆம்பியர் எவ்வளவு, பிராசஸர் எது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். எந்தக் கார்டு வரை போகலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.