பிரெட் கவரும் இளநீர் மட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொதுச் சுகாதார வேலைகளைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுப்பதைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி வாசலில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைப் பற்றி.

குப்பை அள்ளுவது எப்படி மருத்துவத்தோடு சேரும் என்று சிலர் நினைக்கலாம். நம் பேச்சில் ரெண்டுக்கும் சுகாதாரம் என்ற ஒரே சொல்தான். அது ஏன் ஒரே சொல் என்பது எனக்கு ஒரு நாள் காலையில்தான் புரிந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை தூய்மைப் பணியாளர்களின் வருகையைப் பதியும் மஸ்டர் எடுப்பது எங்கள் வேலை. ஆறு மணிக்குள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டு, மேஸ்திரி பிரித்துக் கொடுக்கும் தெருக்களுக்குத் தள்ளுவண்டியோடு போய்விடுவார்கள். ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு அக்கா வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு என்னைத் தேடி நடந்து வந்தார். அந்தத் தெருவில் பத்து வருடத்துக்கு மேல் கூட்டியவர். "சார், மூணு நாளா அந்த வரிசையில பிரெட் கவரா விழுது. இளநீர் மட்டை வேற. வீடு தவறாம இருக்கு சார்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பிரெட் எப்போது வாங்குவோம்? வயிற்றுக்கோ காய்ச்சலுக்கோ முடியாமல் போனால்தான். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் அப்படித்தான். இளநீரும் அப்படியே. ஒரு வீட்டில் விழுந்தால் அது அந்த வீட்டுச் சமாசாரம். எட்டு வீட்டில், ஒரே பக்கத்தில், மூன்று நாளாக விழுந்தால்?

குளோரின் பார்க்கும் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் துளியும் இல்லை. தோண்டிப் பார்த்தால், குடிநீர்க் குழாய் ஒரு இணைப்பில் விட்டுப்போய், பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே தண்ணீரை நிறுத்தி, லாரியில் கொடுத்து, வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது மறுநாள்தான். ஒரு நாள் முன்னாடியே எங்களுக்குச் சொன்னது ஒரு பிரெட் கவர். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு அக்கா.

இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே தெருவில் வருடக்கணக்காக நடந்ததில் வந்த அறிவு அது. எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த மொட்டை மாடியில் தேங்காய்ச் சிரட்டையும் டயரும் கிடந்து கொசு வளர்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்னால் நான் போவேன். நான் போகாவிட்டால் மறுநாள் மஸ்டரில் எல்லார் முன்னாலும் கேட்பார்: "என்ன சார், போனீங்களா?" அவரும் நானும் ஒரே அலுவலகம். அதனால்தான் கேட்க முடிந்தது.

சரி, சென்னைக்கு வருகிறேன். அங்கே இது புதிதில்லை. 2000-லேயே மூன்று மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அள்ளிய குப்பைக்கு டன் கணக்கில் பணம். ஒப்பந்தங்கள் மாறின, நிறுவனங்கள் மாறின. 2025-க்குள் 15 மண்டலங்களில் 10 தனியார் கைக்குப் போயிருந்தன. அந்த வருடம் ராயபுரம், திரு.வி.க. நகர் என்று 5, 6-வது மண்டலங்களையும் கொடுத்தபோதுதான், ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகைக்கு முன்னால் பணியாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். வெயிலிலும் மழையிலும் 13 நாள். 13-ஆம் தேதி நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. அந்தப் பெண்களை வண்டியில் ஏற்றிய காட்சியைப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர்களும் நிரந்தரப் பணியாளர்கள் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற திட்டத்தின் வழியாக, வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே வேலை பார்த்தவர்கள். கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது தெருவில் நின்றவர்கள். மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு சேற்றை வாரியவர்கள். நிரந்தரம் செய்யுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், இனி உங்கள் முதலாளி ஒரு கம்பெனி என்பது. மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்கள், கம்பெனியில் 16,000 அளவுக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். மாநகராட்சி தரப்பில், யாருக்கும் வேலை போகாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு, புது வண்டிகள் வரும் என்றார்கள். புது வண்டி வரட்டும், நல்லதுதான். இடுப்பு ஒடியத் தள்ளுவண்டி தள்ளியவர்களைப் பார்த்தவன் நான்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப அந்தப் பிரெட் கவருக்குத்தான் வருகிறேன். டன் கணக்கில் பணம் கொடுத்தால் பிரெட் கவருக்கு என்ன எடை? இப்போது எடைக்குப் பதிலாக வேறு அளவுகோல்கள் வைக்கிறார்கள்: வண்டி நேரத்துக்கு வந்ததா, தொட்டி காலியாக இருக்கிறதா. எந்த அளவுகோலில், "சார், அந்த வரிசையில ஏதோ சரியில்லை" என்ற வார்த்தைக்கு இடம் இருக்கிறது? சம்பளம் குறைந்தால் பழைய ஆள் போய்விடுவார். புது ஆள் வருவார், அவரும் ஆறு மாதத்தில் போவார். அப்படியே ஒருவர் நிலைத்து நின்று பார்த்தாலும், யாரிடம் சொல்வார்? கம்பெனி சூப்பர்வைசரிடம். அவர் நகராட்சி ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குப்பை போய்விடும். தகவலும் குப்பையோடு போய்விடும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் வார்டு சுத்தம் ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போனதைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அதற்கு இடமில்லை. 1939-இல் வந்த மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாட்டிலேயே அப்படி வந்த முதல் சட்டம். குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், தாய்சேய் நலம் எல்லாம் அந்த ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. அவற்றை உள்ளாட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. உங்கள் வார்டு உறுப்பினரிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வணக்கம்.