கப்பல் ஏறாத 'ஷிப்'

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் சொற்கள் எட்டு வகை என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்போம். நவுன், ப்ரோநவுன், வெர்ப்... பட்டியலில் தப்பில்லை. ஆனால் தனியாக நிற்கிற சொல்லைப் பார்த்து இது பெயர், இது வினை என்று முத்திரை குத்துகிறோமே, அங்கேதான் சிக்கல். ஆங்கிலச் சொல் எந்த வகை என்பதை வாக்கியத்தில் அது நிற்கும் இடம்தான் சொல்லும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த புதிதில் ஒருநாள் ராத்திரி போன். "சார், சரக்கு வாங்கற பையர் 'ஷிப் பை ஏர்'னு மெயில் போட்டிருக்காருங்க. கப்பல்ல அனுப்பறதா, பிளேன்ல அனுப்பறதாங்க?"

நியாயமான கேள்வி. ஷிப் என்றால் கப்பல்தானே! "அந்த ஷிப் எங்கப்பா நிற்குது?" என்றேன். "முதல்லயேங்க." "அதுக்கு முன்னால 'ஏ', 'த' ஏதாவது இருக்குதா?" "இல்லீங்க." அப்போது அது பெயர் இல்லை, கட்டளை. அனுப்பு என்று அர்த்தம். கப்பலில் சரக்கேற்றுவதைச் சொல்லப் பிறந்த வினை அது. இன்றைக்கு லாரியில் போனாலும் ஷிப்தான், விமானத்தில் போனாலும் ஷிப்தான்.

நாம் தினமும் சொல்லும் பஸ் ஸ்டாப்பையே பாருங்கள். அதில் ஸ்டாப் பெயர். எந்த ஸ்டாப் என்று காட்ட பஸ் முன்னால் நிற்கிறது. 'ஸ்டாப் த பஸ்' என்றால் அதே ஸ்டாப் வினை. எழுத்து மாறவில்லை, இடம்தான் மாறியது.

ஏன் இப்படி? பழைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபு மாதிரியே சொல்லுக்கு விகுதிகள் இருந்தன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் அவை பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. அப்புறம் வரிசைதான் பொறுப்பு. 'மாடு மாரப்பனை முட்டியது', 'மாரப்பனை மாடு முட்டியது': எப்படிச் சொன்னாலும் முட்டியது மாடுதான். அந்த 'ஐ' காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டால் மாரப்பன் மாட்டை முட்டியதாகிவிடும்.

நன்னூல் தந்த பவணந்தி முனிவர் நம் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பார்கள். பெயர், வினை, இடை, உரி என்று அதில் நான்கு வகை. தமிழிலும் ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதுண்டு. 'மாட்டைக் கட்டு' என்றால் வினை. 'ஒரு கட்டு சோளத்தட்டு' என்றால் பெயர். ஆகவே இது நமக்கு அந்நியமான பழக்கமே இல்லை. தமிழில் கொஞ்சம் உண்டு, ஆங்கிலத்தில் எங்கு பார்த்தாலும் உண்டு.

'இன்', 'ஆன்', 'அட்' மாதிரியான ப்ரிபொசிஷன் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றே ஒன்று. ஈரோட்டில், மேஜையில், பஸ் ஸ்டாப்பில் — மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்', அதுவும் பின்னால். ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னால் வரும், மூன்றும் வேறு வேறு. தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், பெயரோடு சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்: இன் ஈரோடு, ஆன் த டேபிள், அட் த பஸ் ஸ்டாப். மற்றவை இன்னொரு நாள். வணக்கம்.