சங்கத்தின் பத்திரம் யார் பெயரில்?

அவையோருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட் இன்று கடலை விட்டு வெகுவாகத் தள்ளி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதுதான் கடற்கரை. படகிலிருந்து இறங்கியவர்கள் அங்கேதான் கால் வைத்தார்கள். நம் கடற்கரையிலிருந்து போன முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா எழுப்பிய அதே தெருவில், சில கட்டடங்கள் தள்ளி, ஹொக்கியன் சீனர்கள் கடல்தெய்வம் மாசுவுக்குத் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். 1839இல் தொடங்கிய வேலை 1842இல் முடிந்தது. ஹொக்கியன் சங்கம் செயல்பட்டதும் அந்தக் கோயிலில் இருந்துதான். 1915இல் பெண்களுக்கு ஒரு பள்ளியையும் அதன் வளாகத்திலேயே தொடங்கினார்கள்.

வெளிநாடு போன சீனர்களின் சங்கங்களைப் பற்றிப் பேசும்போது ஊர்ப்பாசம், இனப்பற்று என்று தொடங்குவது வழக்கம். அதை மட்டும் வைத்துக்கொண்டு நூற்றைம்பது ஆண்டு ஒரு சங்கத்தை நடத்த முடியாது. இந்த அரங்கில் சங்கம் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். ஆகவே இன்று நான் பார்க்கப்போவது நிலம், பத்திரம், வாடகை, பிணம். கடைசிச் சொல்லுக்கு மன்னிக்கவும். ஆனால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் யார் உறுப்பினர் என்பதைப் பார்ப்போம். இதில் நாலு வகை உண்டு. ஒன்று பேச்சுமொழி: சிங்கப்பூரில் ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என ஐந்து பெரிய பிரிவுகள். இரண்டாவது சொந்த ஊர் அல்லது மாவட்டம். மூன்றாவது குடும்பப் பெயர்: டான், லிம், கூ என்று. நாலாவது தொழில். ஒரே ஆள் மூன்று சங்கங்களில் இருக்கலாம், இருந்தார்கள். எல்லை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு உறுதி இருக்கும். ஆனால் ஆளும் அவ்வளவு குறைவாக இருப்பார்கள். பினாங்கின் கூ கொங்சி இதற்கு நல்ல உதாரணம். கொங்சி என்றால் இங்கே சங்கம். கூ என்ற பெயர் மட்டும் போதாது. ஃபூஜியனில் உள்ள ஒரு குறிப்பிட்ட கிராமத்தின் ஆண்வழி வம்சமாக இருக்க வேண்டும். 1835இல் தொடங்கிய அந்தக் குலம் தன் கோயிலைச் சுற்றிலும் வரிசை வீடுகள் கட்டி, உள்ளே வரக் குறுகிய வழிகளை மட்டும் விட்டது. 1867இல் சீனக் குழுக்களுக்கிடையே கலவரம் வெடித்த ஊர் அது என்பதை நினைத்தால் அந்தக் கட்டட அமைப்பின் காரணம் விளங்கும். அந்த வீடுகளே பிறகு வாடகை வருமானமும் ஆயின.

புதிதாக வந்தவனுக்குச் சங்கம் என்ன செய்தது? படுக்க ஒரு பலகை கிடைத்தது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த வாடகை அறைகளில் முறைவைத்துத் தூங்கினார்கள். வேலையும் ஊர்க்காரர் வழியாகத்தான் வந்தது. ஹைனானீஸ்காரர்கள் சமையலுக்கும் காப்பிக் கடைக்கும் போனதும், ஹெங்ஹுவா, ஹொக்சியா என்ற சிறு பிரிவுகளின் ஆட்கள் ரிக்‌ஷா இழுத்ததும் அவர்கள் பிறவிக் குணத்தால் அல்ல. முன்னால் வந்தவன் எங்கே இருந்தானோ பின்னால் வந்தவன் அங்கே போனான். ஊருக்குப் பணம் அனுப்ப எழுத்தர்களும் முகவர்களும் இருந்தார்கள். கடிதமும் பணமும் ஒரே உறையில் போகும், பெற்றுக்கொண்டதற்குப் பதில் சீட்டு திரும்பி வரும். அந்த உறைகளை 2013இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஆனால் அறையும் வேலையும் பணம் அனுப்புவதும் வேறு யாரிடமும் கிடைக்கக்கூடியவை. அன்னிய மண்ணில் செத்தால் யார் அடக்கம் செய்வார்கள் என்ற கேள்விக்குத்தான் சங்கத்தைத் தவிர வேறு பதில் இல்லை. அதனால் பல சங்கங்கள் தொடக்கத்திலேயே வாங்கிய சொத்து இடுகாடு.

தியோச்சியூ மக்களின் நீ ஆன் கொங்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பியர் என்ற தோல் பதனிடும் செடி, மிளகு ஆகியவற்றின் தோட்டங்களால் பணக்காரரான சியா இயூ சின் 1845இல் பல குலத்தாரைச் சேர்த்து அதை அமைத்தார். பிலிப் ஸ்திரீட்டில் உள்ள கோயிலும் இடுகாடுகளும் அதன் பொறுப்பு. ஓர் இடுகாடு ஊருக்கு வெளியே ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்தது. அப்போது அது ஜாதிக்காய்த் தோட்டப் பகுதி, மதிப்பு குறைவு. நகரம் வளர்ந்து வந்து அந்த மண்ணைச் சூழ்ந்துகொண்டது. எலும்புகளை எடுத்து இடம் மாற்றிய பிறகு அங்கே கட்டடம் வந்தது. 1993இல் நீ ஆன் சிட்டி என்ற பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. இறந்தவர்களுக்காக வாங்கிய நிலத்தின் வருமானம் உயிரோடிருப்பவர்களின் கல்விக்குப் போகிறது. 1963இல் கொங்சி தொடங்கிய கல்லூரிதான் இன்றைய நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி.

இதில் எங்கே சிக்கல் வரும் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயச் சட்டத்தில், தனிச் சட்ட வடிவம் இல்லாத ஒரு கூட்டம் தன் பெயரில் நிலம் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பத்திரம் சில தனி ஆட்களின் பெயரில், அறங்காவலர்கள் என்ற முறையில் எழுதப்படும். முதல் தலைமுறைக்கு இது உறுத்தாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள். இரண்டாம் தலைமுறையில் அறங்காவலர் இறப்பார், மகன் வருவார். மூன்றாம் தலைமுறையில் சங்கச் சொத்து எது, குடும்பச் சொத்து எது என்ற கோடு மங்கும். திருட்டு என்று ஒருவரும் சொல்லத் துணியாதபடி மெல்ல மெல்ல மங்கும். நீ ஆன் கொங்சியின் நிர்வாகம் எண்பது ஆண்டுக்கும் மேல் சியா குடும்பத்தின் கையிலேயே இருந்தது. 1920களின் கடைசியில் தியோச்சியூ வணிகர் லிம் நீ சூன் முதலானோர் எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். 1929இல் தியோச்சியூ மக்களுக்கென்று தனியாகப் பொய்ட் இப் சங்கம் எழுந்தது. 1933இல் கொங்சிக்கென்றே ஒரு சட்டம் இயற்றி அதைச் சட்டபூர்வ அமைப்பாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு நிலம் கொங்சியின் பெயரில். ஆட்கள் வருவார்கள், போவார்கள். சிங்கப்பூர்ச் சங்க வரலாற்றில் மிகப் பெரிய சீர்திருத்தம் எது என்று என்னைக் கேட்டால் இந்த ஒரு தாளைத்தான் சொல்வேன்.

நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறை ஒன்று கோயில்களில் இன்றும் உண்டு. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு என்று இரண்டு பிறைவடிவக் கட்டைகளைத் தெய்வத்தின் முன் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் சம்மதம். தொடர்ந்து அதிக முறை சம்மதம் பெற்றவர் அந்த ஆண்டின் தூபக்கலசத் தலைவர். ஓட்டுக்குப் பணம் கொடுக்க வழியில்லை, அது இதன் நல்ல பக்கம். கணக்கு எழுதத் தெரிந்தவர்தான் வருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை, அது மறுபக்கம். அதனால் பூசைப் பொறுப்பை இப்படியும் சொத்துப் பொறுப்பை வேறு குழுவிடமும் வைப்பதே விவேகம்.

எலும்பை ஊருக்கே அனுப்பிய சங்கங்களும் இருந்தன. நியூசிலாந்தில் சியோங் சிங் தோங் என்ற அமைப்பு, தங்கம் தேடிப் போய் அங்கே இறந்தவர்களைத் தோண்டி எடுத்துக் கப்பலில் அனுப்பியது. 1902இல் வென்ட்னர் என்ற கப்பல் 499 உடல்களோடு புறப்பட்டுப் பாறையில் மோதி, வடக்கே ஹொக்கியாங்கா அருகே மூழ்கியது. கரை ஒதுங்கிய எச்சங்களை அங்குள்ள மாவோரி மக்கள் அடக்கம் செய்து பாதுகாத்தார்கள். வழக்கமாக இப்படிப் போகும் எலும்புகளை ஹாங்காங்கில் வாங்கி ஊர் ஊராகப் பிரித்து அனுப்பியது துங் வா மருத்துவமனை. 1870இல் அமைந்த மருத்துவமனை, உலகம் முழுதும் பரவிய ஒரு சங்க வலைக்கே அஞ்சல் நிலையமாகவும் இருந்தது.

சரி, சங்கத்தின் அதிகாரம் எல்லை மீறினால் என்ன ஆகும்? இதற்கு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும். அங்கே மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பை ‘ஆறு கம்பெனிகள்’ என்பார்கள். அன்று சீனா திரும்புகிறவன் கடன் பாக்கி இல்லை என்று சங்கத்தில் சீட்டு வாங்கிக் காட்டினால்தான் கப்பல் கம்பெனி பயணச்சீட்டு கொடுக்கும். கடனை வசூலிக்க இதைவிடக் கெட்டியான ஏற்பாடு கிடையாது. உறுப்பினன் சங்கத்துக்கு அஞ்சி வாழவும் இதைவிட நல்ல வழி கிடையாது. 1882இல் சீனத் தொழிலாளர் வருகையை அமெரிக்கா தடை செய்தது. 1892இல் கியரி சட்டம், அங்கிருக்கும் சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிவுச் சான்று வாங்க வேண்டும் என்றது. பதிவு செய்யாதீர்கள், ஆளுக்கு ஒரு டாலர் தாருங்கள், வழக்காடுவோம் என்றது கூட்டமைப்பு. மக்கள் நம்பினார்கள். 1893இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. சங்கத்தின் சொல்லைக் கேட்டுப் பதிவு செய்யாதவன் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானான். தோற்றால் என்ன செய்வது என்ற இரண்டாவது திட்டம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோரை ஒரே வழக்கில் பணயம் வைத்ததுதான் தவறு என்பேன்.

தொழில்முறைச் சங்கம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நியூயார்க் சலவைக்காரர்கள் சாட்சி. 1933இல் ஒற்றை ஆள் நடத்தும் சலவைக் கடைகளுக்கு ஆண்டு உரிமக் கட்டணம் 25 டாலர், பிணைத்தொகை 1,000 டாலர் என்று நகராட்சி முன்மொழிந்தது. சின்னக் கடைகளை மூட வைப்பதற்கான கணக்கு அது. மரபான தலைமைச் சங்கம் கைகொடுக்காததால் சலவைக்காரர்கள் தாங்களே ஒரு கூட்டணி அமைத்தார்கள். வக்கீல் வைத்து வாதாடி, கட்டணத்தை 10 டாலராகவும் பிணையை 100 டாலராகவும் குறைத்தார்கள். ஊர், குலம், பேச்சுமொழி எதையும் கேட்காமல் ‘கடை இருக்கிறதா’ என்று மட்டும் கேட்ட சங்கம் அது.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். பள்ளிகளைப் பற்றிச் சொன்னால் ஒரு மாலை போதாது. ரப்பர் தொழிலதிபர் டான் கா கீ தலைமையில் ஹொக்கியன் சங்கம் கட்டிய பள்ளிகள், டான் லார்க் சை முன்னின்று எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சங்கம் ஜூரோங்கில் கொடுத்த 523 ஏக்கர், எல்லாம் பெரிய கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹொக்கியன் சங்கத்தின் தாவ் நான் பள்ளி 1916இலேயே ஹொக்கியனை விட்டு, சீனர்களின் பொதுமொழியான மாண்டரினுக்கு மாறியது. எந்தப் பேச்சுமொழியை வைத்துச் சங்கம் கட்டினார்களோ அதைத் தங்கள் பள்ளியிலேயே கைவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாச் சீனரோடும் பழகினார்கள். சங்கத்தின் வேர் அங்கேயே மெலியத் தொடங்கியது. 1979இல் அரசு மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபோது அந்த வேலை ஏற்கெனவே பாதி நடந்திருந்தது. வீட்டை வீடமைப்புக் கழகம் தந்தது, பள்ளியை அரசு நடத்தியது, நிலத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு எடுத்துக்கொண்டது. சங்க மண்டபத்தில் மாஜோங் மேசையும் வயதானவர்களும் மிஞ்சினார்கள்.

1984இல் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. 1986இல் ஏழு பெரிய சங்கங்கள் சேர்ந்து சீனக் குலமரபுச் சங்கங்களின் சம்மேளனத்தை அமைத்தன. சம்மேளனமும் 1906 முதல் இயங்கும் சீன வர்த்தக தொழிற்சபையும் சேர்ந்து 1992இல் சீன மேம்பாட்டு உதவி மன்றத்தைத் தொடங்கின. நமக்கு இது அறிமுகமான ஏற்பாடுதான். இந்தியர்களுக்கான சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) அதற்கு ஓராண்டு முந்தி, 1991இல் வந்தது. மசே நிதி (மத்திய சேமநிதி) கட்டும்போதே இந்த அமைப்புகளுக்கான தொகையையும் முதலாளி சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டுவார். வேண்டாம் என்றால் படிவம் எழுதித் தர வேண்டும், எழுதாதவரிடம் பிடித்தம் தொடரும். 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளக்காரரிடம் சீன மன்றம் மாதம் 1 வெள்ளி பிடிக்கிறது, சிண்டா 7 வெள்ளி. 8,000 வெள்ளி சம்பளத்துக்கு அங்கே 3, இங்கே 12. சீனர்கள் மக்கள்தொகையில் முக்கால்வாசி, இந்தியர் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆள் அதிகமிருக்கும் இடத்தில் சிறு தொகையே போதுகிறது. சிறு தொகை என்பதால் விலக வேண்டுமென்றும் பலருக்குத் தோன்றாது.

புதிதாகச் சீனாவிலிருந்து வந்தவர்கள் இந்தப் பழைய சங்கங்களில் அதிகம் சேரவில்லை. சிச்சுவானிலிருந்து வந்த பொறியாளருக்கு ஹொக்கியன் சங்கத்தில் என்ன வேலை? அவர்கள் தியான்ஃபூ சங்கத்தையும், 2001இல் ஹுவா யுவான் சங்கத்தையும் தொடங்கினார்கள். படித்தவர்கள், சம்பளக்காரர்கள், தொழில்முனைவோர் கூடும் இடங்கள் இவை. பழைய சங்கங்களைப் போல இடுகாட்டில் தொடங்கியவை அல்ல. சந்தாவும் நன்கொடையும்தான் இப்படிப்பட்ட சங்கத்தின் வருமானம் என்றால், முதல் பத்தாண்டின் நன்கொடையிலிருந்து ஒரு பகுதியை விருந்துக்குச் செலவழிக்காமல் நிலைநிதியாக ஒதுக்கி, அதைச் சங்கத்தின் சொந்தப் பெயரில் பதிய வேண்டும். பொருளாளர் மாறும்போது வங்கிக் கையொப்பத்தை அந்த வாரமே மாற்ற வேண்டும். கணக்கு அறிக்கையை உறுப்பினர் கேட்பதற்கு முன்பே அனுப்ப வேண்டும். சியா குடும்பத்தாரிடம் லிம் நீ சூன் கேட்ட கேள்வி அவர்களிடமும் ஒரு நாள் கேட்கப்படும். கேட்கிறவர் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.