கண்ணாடியை ஒரு சாண் கிட்டே வையுங்கள்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"முதுமையில் கலை: வயதை மறக்கவா, வயதை உணரவா?" இதுதான் தலைப்பு. மறக்கத்தான் என்று பேசிவிட்டுப் போனார் எதிரணித் தலைவர். "மூட்டுவலி, தனிமை, மாத்திரை டப்பா. இதற்கு நடுவே அந்தக் கிழவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேர நிம்மதி. அதிலும் வயதை நினைக்கச் சொன்னால் அது கொடுமை இல்லையா?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, மறப்பதற்கு டிவி சீரியல் போதுமே. பென்சில் எதற்கு?

வாருங்கள், பென்சிலையே எடுப்போம். எழுபது வயதுக்காரர் ஒருவர் தன் முகத்தைத் தானே வரையப் போகிறார். ஒரு ஏ4 தாள், ஒரு 4பி பென்சில், ஒரு கைக்கண்ணாடி, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. நேர் வெளிச்சத்தில் சுருக்கங்கள் மறைந்துவிடும். பக்கத்து வெளிச்சத்தில்தான் நிழல் விழும். ரப்பர் கூடாது. நேரம் 20 நிமிடம்.

உட்கார்ந்த உடனே முதல் சிக்கல் வரும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் தாள் தெளிவாகத் தெரிகிறது, ஆடியில் முகம் மங்குகிறது. கழற்றினால் முகம் சுமாராகத் தெரிகிறது, தாள் போய்விடுகிறது. பலர் "கண் போச்சு" என்று எழுந்துவிடுவது இங்கேதான். கண் எங்கும் போகவில்லை. ஆடியை 40 சென்டிமீட்டரில் வைத்தால் அதில் தெரியும் முகம் 80 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. பிம்பம் ஆடிக்கு அந்தப் பக்கமும் அதே தூரம் போகும் அல்லவா? படிக்கிற கண்ணாடி 40 சென்டிமீட்டர் பக்கத்துக்குச் செய்தது. ஆகவே ஆடியை ஒரு சாண் கிட்டே கொண்டுவாருங்கள், முகமும் தாளும் ஒரே தெளிவில் வரும். ஆடி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முகத்தில் பாதி உயரம் இருந்தால் முழு முகமும் தெரியும். ஷேவிங் கண்ணாடியில் பெரிதாக்கிக் காட்டும் பக்கம் மட்டும் வேண்டாம்.

அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது. வரைந்து முடித்துப் பார்த்தால் தாளில் இருப்பது கல்யாண போட்டோ முகம்! கை பார்த்ததை வரையவில்லை, ஞாபகத்தில் இருந்ததை வரைந்துவிட்டது. (வாட்ஸ்அப்பில் இன்னும் பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்திருப்பவர்கள் அவையில் எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன்.) இதற்கு மருந்து அளவு. பென்சிலை நீட்டிப் பிடித்து உச்சந்தலையிலிருந்து கண் வரைக்கும், கண்ணிலிருந்து மோவாய் வரைக்கும் அளந்து பாருங்கள். நடுவயதில் இரண்டும் ஏறக்குறையச் சமம். பல்செட்டைக் கழற்றிவிட்டு அளந்தால் கீழ்ப்பாதி குறைகிறது. பல் போன இடத்தில் தாடை எலும்பு தேயும். மூக்கும் மோவாயும் நெருங்கும். மூக்கு நுனி இறங்கியிருக்கும், காது மடல் நீண்டிருக்கும். தினமும் காலையில் அதே ஆடியில் தலை வாரியவர்தான். பென்சிலால் அளந்த அன்றுதான் பார்க்கிறார். நடுவர் அவர்களே, இது மறதியா, உணர்வா?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஐரோப்பாவுக்குப் போய் டச்சு ஓவியர் ரெம்பிராண்டை அழைத்து வந்தார். கடன், இழப்பு, எல்லாவற்றையும் மறக்கத்தான் அவர் வரைந்தாராம். சரி, அவரையே கேட்போம். 1669-இல், இறந்த அதே ஆண்டில், 63 வயதில் தன்னை வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முதலில் கையில் தூரிகை பிடித்தபடி வரைந்திருக்கிறார். பிறகு அதன்மேலேயே வண்ணம் பூசி, வெறும் கைகளைக் கோத்து வைத்துவிட்டார். தலைத்துணியும் முதலில் இன்னும் பெரிது, முழு வெள்ளை, அதையும் சுருக்கியிருக்கிறார். மறக்க வரைகிறவர் எடுப்பானதை ஏன் அழிக்க வேண்டும்?

மூன்றாமவர் வாசலுக்கு வந்தார். "கோலம் போடும் பாட்டிக்கு வயதே தெரியாது" என்றார். அம்மா, கோலத்தைப் போல வயதைக் கணக்காகச் சொல்லும் கலை எது? நடு வரிசையில் 15 புள்ளி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை, ஊடுபுள்ளி: மொத்தம் 169 புள்ளி. 7 புள்ளி, 4 வரை: மொத்தம் 37. மார்கழிக்கு மார்கழி 15 என்பது 11 ஆகி, 7 ஆகிறது. முட்டி சொன்ன கணக்கு அது. விரல் நுனி உலர்ந்துபோனால் மாவு வழுக்கிக் கொத்தாக விழும். பச்சரிசி மாவில் கொஞ்சம் கல்மாவு கலந்தால் ஒழுங்காக இறங்கும். ஆனால் கோலத்தை மறுநாள் பெருக்கிவிடுகிறோமே? அதனால்தான் கோல நோட்டு. அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே தேதி போட்டு வரைய வேண்டும், எந்த வளைவில் கை விலகியதோ அந்த விலகலோடு. திருத்திச் சரியாக வரைந்தால் அது பத்திரிகைக் கோலம், பாட்டி கோலம் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். துக்கம் விழுந்த வீட்டில் ஆடியை நீட்டாதீர்கள். அங்கே எதிரணி சொல்வதுதான் சரி. ரேடியோவில் ஒரு பாட்டு போதும். மற்றபடி, எண்பது வயதுக்காரர் கையில் குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்து, "சூப்பர் தாத்தா!" என்று சொல்லிவிட்டு நகர்கிறோமே, அதுதான் எனக்கு எரிச்சல். "இந்தக் கோடு ஏன் தாத்தா இங்கேயே நின்றுவிட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேச ஆரம்பிப்பார்.

கடைசியாக நம் வீட்டுச் சாட்சி. புறநானூறு 243. எழுதியவரின் சொந்தப் பெயர்கூட நமக்கு இல்லை. பாட்டில் வரும் கைத்தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். மொத்தம் 14 அடி. முதல் 10 அடியும் இளமை: மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டுவது, மருதமரக் கிளையில் ஏறுவது, மடுவில் 'துடும்' என்று குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டுவது. 11-ஆம் அடியில் "அது எங்கே போயிற்றோ" என்கிறார். பிறகு தடி, நடுக்கம். அதற்கடுத்து,

இருமிடை மிடைந்த சிலசொல்

எண்ணிப் பாருங்கள், மூன்றே சீர். மற்ற அடிகளில் நான்கு. இருமலுக்கு நடுவே சொல் குறைந்துபோனதைச் சொல்லும் அடியில் ஒரு சீர் குறைகிறது. "நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, முச்சீர்தானே, இதில் என்ன அதிசயம்?" என்று எதிரணிப் புலவர் எழுவார். விதிதான் ஐயா. அந்த விதி விழுகிற இடமாகப் பார்த்து இருமலைக் கொண்டுபோய் வைத்தவர் புலவர். வயதை மறக்கப் பாடியவராக இருந்தால் பத்தாம் அடியில், அந்த மணலோடு, கரையேறியிருப்பார்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.