கோணல் கூடமும் கட்டியங்காரனும்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, தூறலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நூலகத் துறை அலுவலர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, ஒலிபெருக்கிக்கு வாடகை வாங்க மறுத்த தம்பியே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த வாசகர் வட்டத்தாருக்குத் தனி நன்றி.

கலையும் மக்கள் உரையாடலும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கூத்து ஓர் ஊரை எப்படிப் பேச வைத்தது, கடல் கடந்த நாட்டில் நாடகம் எப்படிச் சட்டமாயிற்று, பள்ளியில் வரலாறும் இலக்கியமும் இதற்கு எப்படித் துணை நிற்கும் என்று மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழி எனக்கு முன்னால் ஏறிவிடும், பொறுத்தருள வேண்டும். கிராம சபையில் மக்கள் வாயே திறப்பதில்லை, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியும் ஒலிவாங்கியும், இந்தப் பக்கம் சமுக்காளமும் என்று கூட்டத்தை அமைத்து, தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்து முடித்த பிறகு, எவருக்கேனும் ஆட்சேபணை உண்டா என்று கேட்டால் எவர் பேசுவார்? இங்கே ஆடத் தெரிந்தவள் இருக்கிறாள். கூடம்தான் உள்ளபடியே கோணல்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. செய்யாற்றுப் பக்கம் என் தாய்மாமன் ஊரில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடந்துகொண்டிருந்தது. அன்று துகிலுரிதல். திரைக்குப் பின்னிருந்து சலங்கை ஒலிக்க வந்து நின்ற துரியோதனன், வழக்கப்படி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா என்று கேட்டான். கூத்தில் அரசன் வருகையை அறிவித்து, கோமாளியாகவும் நிற்கும் கட்டியங்காரன் தலையைச் சொறிந்துகொண்டு, "மழை பொழியுது மகாராஜா, ஏரியும் தளும்புது, மதகுப் பலகையத்தான் யாரோ தங்க கழனிப் பக்கமே தொறந்து வெச்சிருக்காங்க" என்றான். கூட்டம் சிரித்து, சட்டென்று அடங்கியது. அந்தக் கழனிக்காரர் முதல் வரிசையில், ஊரிலேயே கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தார். அப்போது பின்னால் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, "கடைமடைக்குத் தண்ணி வந்து பதினெட்டு நாளாச்சுன்னு சொல்லுடா கட்டியங்காரா" என்று குரல் கொடுத்தாள். அவன் கதைக்குத் திரும்பவில்லை. "மகாராஜா, குடிபடை முறையிடுது" என்று அரசன் காலில் விழுந்தான். துரியோதனன் வேடக்காரருக்கும் பக்கத்து ஊரில் கடைமடையில்தான் முக்கால் ஏக்கர் நிலமாம். புஜக்கட்டையும் கிரீடமும் அதிர அவர் நியாயம் விசாரிக்கத் தொடங்க, ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாக்குமூலம் கொடுக்க, நாற்காலிக்காரரும் சிரித்துத் தீர வேண்டியதாயிற்று. பாஞ்சாலி வேடக்காரர் திரைக்குப் பின்னால் இரண்டு பீடியைப் புகைத்து முடித்த பிறகுதான் அவரைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். சில நாளில் மதகுப் பலகை இடம் மாறியதாக மாமா சொன்னார். அது கூத்தால் மாறியதா, நாற்காலிக்காரரின் மகள் கல்யாணத்துக்கு ஊர் வேண்டியிருந்ததால் மாறியதா என்பதை நான் அறியேன். ஆனால் அந்தக் கிழவி பெரியவரின் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, கட்டியங்காரனிடம்தான் சொன்னாள். நேரில் சொல்ல அஞ்சுகிறதை வேடத்தின் வழியே சொல்லலாம் என்ற உரிமையை ஊர் அந்தக் கூத்துக் களத்துக்குக் கொடுத்திருந்தது.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் இதே உரிமையை ஒரு முறையாகவே வகுத்தார். அநீதி ஒன்றை நடித்துக் காட்டி, பார்வையாளர் எவரும் "நிறுத்து" என்று சொல்லிக் களத்தில் இறங்கி, அந்தப் பாத்திரமாகத் தாமே மாற்று வழியை நடித்துப் பார்க்க இடம் கொடுத்தார். 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படித் தெருவில் எழுந்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேற வழி செய்தார். மேற்கு வங்கத்தின் ஜனசம்ஸ்கிருதி குழு 1985இல் தொடங்கியது. அந்த முறையை வங்கத்துச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றவர்கள் அவர்கள்தாம். விரிவாகப் பேச ஆசைதான், ஆனால் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவே நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது; இன்றும் நம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். நம் காசில் நிற்கும் கட்டடத்தின் முற்றம் மாலையில் பூட்டிக் கிடக்கலாமா? 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு நூலகமே ஊர் ஊராகப் போயிருக்கிறது. இப்போது ஊர் நூலகத்துக்கு வர விரும்பினால் கதவில் பூட்டு. நான் ஒருமுறை ஓர் ஊரில் கூத்துக்கு முற்றம் கேட்டு விண்ணப்பித்தேன். செருப்பு தேய நடந்த பிறகு, சத்தம் படிப்பவர்களுக்கு இடையூறு என்று பதில் வந்தது. நான் கேட்ட நேரமோ, நூலகம் மூடிய பிறகு.

என் கோரிக்கை எளியது. கிராம சபைக்கு முந்தைய நாள் மாலை, கிளை நூலக முற்றத்தில் கூத்தோ வில்லுப்பாட்டோ வீதி நாடகமோ நடக்கட்டும்; அதில் ஊர்ச் செய்தி ஒன்று இடம்பெறட்டும்; பார்த்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசட்டும்; பேசியதை வாசகர் வட்டத்தார் எழுதி, மறுநாள் சபையில் பொருளாக வைக்கட்டும். கூடத்தின் கோணலை இப்படிக் கொஞ்சம் நிமிர்த்தலாம். பள்ளியைப் பற்றிய மூன்றாவது செய்தியை அடுத்த ஆண்டு அழைத்தால் சொல்கிறேன். அழைக்காவிட்டாலும் வந்து சொல்வேன்.

வாசலில் மேசை மேல் மனு இருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். ஊராட்சித் தலைவர் அம்மையார் முதல் கையெழுத்தைப் போடுவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். இந்த உரைக்குப் பின் நடக்கும் கூத்து முடிந்து கலைந்துபோகும் அவசரத்தில் மறந்துவிடுவீர்கள் என்பதால், இப்போதே எழுந்து வரும்படி வேண்டுகிறேன். அதற்குள் கட்டியங்காரன் அரிதாரத்தை முடித்துவிடுவார்.