நாயின் மீது விழும் அடி யாருக்கானது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, மஞ்சக்குப்பத்தில் கூடியிருக்கும் அவையோரே, வணக்கம்.

வளர்ப்பு விலங்கை வதைப்பது தனிக் குற்றமா, குடும்ப வன்முறையின் ஓர் அங்கமா என்பது தலைப்பு. பெண்ணுக்கு ஒரு சட்டமும் விலங்குக்கு ஒரு சட்டமும் இருக்கும்போது இரண்டையும் ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்று எதிரணி நண்பர் கேட்டார். அந்த முடிச்சை அடிக்கிறவனே போட்டுவிட்டான் ஐயா.

மனைவி ஆசையாய் வளர்க்கும் நாயை அவள் கண்ணெதிரே உதைப்பவனுக்கு நாயோடு பகை எதுவும் இல்லை; தாய்வீட்டுக்குப் போக நினைத்தால் என்ன நடக்கும் என்பதை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டவே உதைக்கிறான். எல்லாவற்றுக்கும் குடிதான் காரணம் என்றார் நண்பர். எவ்வளவு குடித்திருந்தாலும் அவன் முதலாளி வீட்டு நாயை உதைப்பதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெண்கள் காப்பகத்தில் அடைக்கலம் புகுந்த 38 பேரிடம் கேட்டறிந்து ஃபிராங்க் அசியோன் என்னும் உளவியலாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான். ஆயினும் அவர்களுள் விலங்கு வளர்த்தவர்களில் 71 விழுக்காட்டினர், அந்த விலங்கைத் துன்புறுத்துவேன் என்று துணைவன் மிரட்டினான், அல்லது துன்புறுத்தினான், அல்லது கொன்றேவிட்டான் என்று சொன்னார்கள். விலங்கை விட்டுவர அஞ்சி, வீட்டைவிட்டு வெளியேறுவதையே தள்ளிப்போட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமமொன்றில் மகளிர் குழுக் கடனில் ஆடு வாங்கி வளர்க்கும் பெண்ணுக்கு அந்த ஆடுகள்தாம் சேமிப்பு, பிள்ளையின் படிப்புச் செலவு, அவளுக்கென்று இருக்கும் ஒரே பிடிமானம். மருந்து வைத்துவிடுவேன் என்ற ஒற்றை மிரட்டல் போதும், அவள் வாசற்படி தாண்டமாட்டாள். நான்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு இரவில் எந்தப் பேருந்தில் ஏறுவாள்?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பெண் அக்கறை கொண்டுள்ள எந்த நபருக்கும் உடல் வலி உண்டாக்குவதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுவதையும் வன்முறை என்றே சொல்கிறது; ஆனால் அந்த நபருக்குள் அவளுடைய நாய் வராது. விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ 1960இல் வந்தது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. விலங்கைக் கொன்றவருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கும் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவும் விலங்கை மட்டுமே பார்க்கிறது, அதன் பின்னால் நிற்கும் பெண்ணைப் பார்ப்பதில்லை. பெண்ணுக்கு வழங்கும் பாதுகாப்பு ஆணையிலேயே அவள் வளர்க்கும் விலங்கையும் சேர்க்கலாம் என்று அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2006இலேயே சட்டம் செய்துவிட்டது.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அமர்த்தப்பட்ட பாதுகாப்பு அலுவலர், பெண்ணின் புகாரைப் பதிவுசெய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதும்போது, வீட்டில் ஆடு, மாடு, நாய் உண்டா, அவற்றுக்கு ஏதேனும் நேர்ந்ததா என்று கேட்கட்டும். அடிபட்ட நாய்க்கு மருந்திடும் கால்நடை மருத்துவர், அதைத் தூக்கிவந்த பெண்ணிடம் 181 என்ற உதவி எண்ணையும் சொல்லி அனுப்பட்டும். இவற்றைத் தனித்தனிக் குற்றங்களாகவே வைத்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாமல் போகும் என்பதால், தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.